இஸ்தான்புல்லில் நூல் வாங்கப் போனோம்

சனி

இஸ்தான்புல் போகிறோம் என்று சொன்னதும் எல்லோரும் மசூதி, கம்பளம், பக்லவா என்றுதான் பேசினார்கள். நானும் அம்மாவும் மாதக்கணக்கில் பேசியது நூலைப் பற்றி. கையால் பின்னுகிறவர்களுக்கும் குரோஷா போடுகிறவர்களுக்கும் இந்தப் பெயர்கள் பழக்கமானவை: அலிசே, யார்ன்ஆர்ட், நாகோ, ஹிமாலயா. ஆன்லைனில் ஒவ்வோர் உருண்டையாகத் தருவித்து, பெட்டியைப் பிரித்த பிறகுதான் நிறம் சரியா என்று பார்க்கிறோமே, அவையெல்லாம் துருக்கியில் தயாராகிறவை. பெயரைப் பார்த்து ஹிமாலயாவை இந்தியச் சரக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதுவும் துருக்கிதான்.

எங்கள் ஊர் கோயம்புத்தூர். நூலுக்குப் பேர்போன ஊர். ஆனால் அங்கே நூல் கோன் கோனாக மில்லில் இருந்து லாரி ஏறித் தறிக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போய்விடும். ஒருத்தி கடைக்குப் போய், தொட்டுப் பார்த்து, வெயிலில் பிடித்து நிறம் ஒப்பிட்டு, நாலு உருண்டை வாங்கி வர இடம் குறைவு. அந்த ஏக்கம்தான் இந்தக் கோடை விடுமுறையில் எங்களை இங்கே கூட்டி வந்தது. அம்மா, நான், வீட்டுக்காரர், பத்து வயது மகள். பெட்டிகளில் ஒன்று காலியாகவே வந்திருக்கிறது.

விமான நிலையம் நகரத்துக்கு வெகு வடக்கே இருக்கிறது. பஸ் பிடித்து, பிறகு டி1 டிராமில் ஏறி, பழைய நகரத்துச் சுல்தான்அகமது பகுதிக்கு வந்து சேர மாலையாகிவிட்டது. இரவு எட்டு மணி தாண்டியும் வெளிச்சம். பழைய ரோமானியத் தேரோட்ட மைதானத்தில் நடந்தோம். எகிப்திலிருந்து கொண்டுவந்து 390-இல் நட்ட கல்தூண் அங்கே நிற்கிறது. அதில் செதுக்கிய பறவைகளும் பாம்புகளும் நேற்றுச் செதுக்கியவை என்று சொன்னால் நம்பலாம், அவ்வளவு கூர்மை. சிமித் என்ற எள் ஒட்டிய வளைய ரொட்டியும் தேநீரும் ராச் சாப்பாடு. சரி, தூங்கப் போகிறோம்.

ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கிராண்ட் பஜார் மூடியிருக்கும், அதைச் சுற்றியுள்ள கடைகளும் பெரும்பாலும் திறக்காது. இதைத் தெரிந்துகொண்டுதான் இன்றைய நாளைச் சுற்றிப் பார்க்க ஒதுக்கினோம்.

முதலில் அயா சோஃபியா, ஒரு காலத்துத் தேவாலயம், இன்று மசூதி. கீழ்த்தளம் இப்போது தொழுகைக்கு. வெளிநாட்டுப் பயணிகள் தனி வாசல் வழியாக, கட்டணம் கட்டி மேல்மாடத்துக்குப் போகவேண்டும். 537-இல் கட்டி முடித்த கட்டடம், அதுவும் ஆறு ஆண்டுகளுக்குள். சுமார் 31 மீட்டர் அகலமுள்ள குவிமாடத்தின் அடியில் வரிசையாக 40 ஜன்னல்கள். வெளிச்சம் அந்த வழியாக உள்ளே வரும்போது, மேலே இருப்பது கல் பாரம் என்பதே மறந்துபோகிறது. மாடத்தின் சலவைக்கல் கைப்பிடியில் வைக்கிங் வீரன் ஒருவன் தன் பெயரைக் கீறிவைத்திருக்கிறான். ஆயிரம் ஆண்டுக்கும் மேலான கிறுக்கல். மகள் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்திலேயே நிலத்தடி நீர்த்தொட்டி: 336 தூண்கள், இரண்டின் அடியில் கிரேக்கப் புராணத்துப் பாம்புக் கூந்தல்காரி மெடூசாவின் தலைகள், ஒன்று தலைகீழாக, ஒன்று பக்கவாட்டில். வெளி வெயிலுக்கு உள்ளே நல்ல குளிர்ச்சி.

ஆனால் என் மனத்தில் நின்ற இடம் துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். தேரோட்ட மைதானத்தை ஒட்டிய இப்ராஹிம் பாஷா அரண்மனைக்குள் இருக்கிறது. கூட்டம் அயா சோஃபியாவோடு நின்றுவிடுகிறது. பின்னல் தெரிந்தவர்கள் தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள்.

இங்கே செல்ஜுக் துருக்கியர் ஆண்ட 13-ஆம் நூற்றாண்டுக் கம்பளங்கள் இருக்கின்றன. கோனியா நகரத்து அலாவுதீன் மசூதியில், மற்றக் கம்பளங்களுக்கு அடியில் கிடந்தவற்றை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அடையாளம் கண்டார்கள். ஓரங்கள் நைந்து, நடுவில் ஓட்டை விழுந்து, அப்படியும் சிவப்பும் நீலமும் விட்டுப்போகவில்லை. நெடுக்கே ஓடும் பாவு, குறுக்கே ஓடும் ஊடை, மேலே நிற்கும் முடிச்சு எல்லாமே கம்பளி. நடுப்பரப்பில் சின்னச் சின்ன வடிவம் ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறது. சுற்றிலும் கூஃபி என்ற பழைய அரபு எழுத்தை ஒத்த பெரிய கொக்கிக் கரை.

துருக்கிய முடிச்சு எப்படி விழுகிறது என்பதை அம்மா மகளுக்குச் சுடிதார் துப்பட்டா நுனியில் இரண்டு நூலை இழுத்துக் காட்டினார். பக்கத்துப் பக்கத்துப் பாவு இழைகள் இரண்டையும் நூல் சுற்றி வந்து, இரண்டு முனைகளும் நடுவே சேர்ந்து வெளியே வரவேண்டும். இரண்டு பக்கமும் சமம், அதனால் பிடிப்பு அதிகம். அப்புறம் அம்மா கேட்டார்: “ஏன் கண்ணு, ஒரு சாண் நெய்ய எத்தனை நாள் ஆயிருக்கும்? இதுக்கு மேல செருப்புக் காலோட யாராச்சும் நடந்திருப்பாங்களா?” மசூதி என்பதால் வெறுங்காலோடுதான் நடந்திருப்பார்கள் என்றேன். நிம்மதியாகத் தலையாட்டினார்.

அந்தச் சிவப்பு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரில் இருந்து எடுப்பது. அதில் உள்ள அலிசரின் என்ற சாயப்பொருள்தான் நம் கடற்கரையோரச் சாயவேரிலும் இருக்கிறது. சோழமண்டலத் துணிகள் கப்பலேறியது அந்தச் சிவப்பை நம்பித்தான். இரண்டு தேசத்துச் சாயக்காரர்களும் வெவ்வேறு செடியைத் தோண்டி ஒரே நிறத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி முன்னால் நின்று இதை யோசித்தபோது எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது.

கொக்கிக் கரையை அம்மா கட்டம் போட்ட நோட்டில் வரைந்துகொண்டார். நாளை நூல் நாள்.

திங்கள்

எமினோனுவில் இறங்கி, மசாலாச் சந்தையின் பின்பக்கமாக ஏறினால் மஹ்மூத்பாஷா தெரு. செங்குத்தான ஏற்றம், நெருக்கமான கூட்டம். கல்யாண கவுன்கள், படுக்கை விரிப்புகள், திரைச்சீலைகள். சுன்னத் விழாவுக்குச் சிறுவர்கள் உடுத்தும் வெள்ளை அங்கியும் கிரீடமும் செங்கோலும் ஒரு வரிசை முழுக்கத் தொங்குகின்றன. சுற்றுலாப் பயணிகள் குறைவு. வீட்டுக்குச் சாமான் வாங்க வந்த உள்ளூர்க் குடும்பங்கள்தான்.

ஏற்றத்தின் பாதியில் ஒரு கல் வளைவு. உள்ளே நுழைந்தால் கியூர்க்ச்சூ ஹான். ஹான் என்பது வணிகர்கள் சரக்கோடு வந்து தங்கிய சத்திரம்: நடுவில் முற்றம், சுற்றிலும் இரண்டு அடுக்கு அறைகள். இஸ்தான்புல்லைப் பிடித்த இரண்டாம் மெஹ்மதின் தலைமை அமைச்சர் மஹ்மூத் பாஷா 1460-களில் கட்டியது. நகரத்தில் மிஞ்சியிருக்கும் ஹான்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். ஒரு காலத்தில் மிருகத்தோல் வியாபாரிகளுடைய இடம். இப்போது நூல், நூல், நூல்.

நான் எதிர்பார்த்தது ஒரு அழகான கைவேலைக் கடை. இங்கே இருப்பது மொத்தச் சந்தை. பாலிதீன் பைகளில் ஐந்து ஐந்து உருண்டைகளாகக் கட்டிய நூல் தரையிலிருந்து மேற்கூரை வரை. வாசலில் தொங்கும் நிற அட்டைகள். முற்றத்தின் நடுவிலும் மூட்டைகள். பெண்கள் மளிகைக் கடையில் பருப்பு வாங்குவதுபோல நூல் வாங்கினார்கள்: இன்ன எண், இத்தனை பாக்கெட், மடமடவென்று கணக்கு, பையில் போட்டு நடை. ஒரு பாட்டி கடைக்காரரிடம் பாதி பின்னிய சட்டையை விரித்து, நூல் தீர்ந்துவிட்டது, அதே சாயத்தில் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். அவர் லேபிளை வாங்கி, எந்தச் சாயத்தொட்டியில் தோய்த்தது என்று சொல்லும் லாட் எண்ணைப் பார்த்து, உள்ளே போய்த் தேடி எடுத்து வந்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். பாட்டி திருப்தியாகும் வரை அவர் அவசரப்படவே இல்லை.

பெரும்பாலான கடைகளில் விற்பவர்கள் ஆண்கள். இந்த நூலுக்கு எத்தனை எண் ஊசி, ஒரு ஆள் சட்டைக்கு எத்தனை உருண்டை, துவைத்தால் எவ்வளவு தளரும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்கிறார்கள். நம் ஊரில் பின்னல் என்றால் பொழுதுபோகாத பெண்களின் வேலை என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்கிறவர்களை ஒரு மணி நேரம் இந்த முற்றத்தில் உட்காரவைக்க வேண்டும். ஐநூற்றைம்பது ஆண்டுப் பழைய கட்டடம் ஒன்று முழுவதும் கைப்பின்னல்காரர்களை நம்பித் தொழில் நடத்துகிறது.

சரி, என்ன வாங்கினோம்?

நமக்கு வெயில் ஊர், அதனால் முதலில் பருத்திக் கலப்பு. அலிசே காட்டன் கோல்டு, 55 சதவீதம் பருத்தி, 45 அக்ரிலிக். 100 கிராம் உருண்டையில் 330 மீட்டர் ஓடும், ஒரு சின்னக் குழந்தைச் சட்டைக்கு இரண்டு போதும். இளம்பச்சையில் ஒரு பாக்கெட், கடுகு மஞ்சளில் ஒரு பாக்கெட். ஊட்டியில் இருக்கும் சித்திக்கு ஸ்வெட்டர் போட லானாகோல்டு: 49 சதவீதம் கம்பளி, உருண்டைக்கு 240 மீட்டர். முழுக் கம்பளி குத்தும் என்பவர்களுக்கு இந்தக் கலப்பு சரியாக இருக்கும். எல்லா உருண்டையிலும் லாட் எண் ஒன்றுதானா என்று அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் சாயத்தொட்டி மாறினால் முதுகில் ஒரு கோடு விழுந்துவிடும்.

லேபிள் இல்லாத ஒரு நூலைத் தூய கம்பளி என்றார் இன்னொரு கடைக்காரர். நான் தயங்கியதும், ஒரு முழம் வெட்டி லைட்டரால் கொளுத்திக் காட்டினார். மயிர் பொசுங்கும் வாடை, தானே அணைந்தது, சாம்பல் விரலில் பொடியாக நொறுங்கியது. கம்பளிதான். அக்ரிலிக் என்றால் உருகிக் கெட்டியான மணியாக நின்றுவிடும். வீட்டில் பெயர் தெரியாத நூல் கிடந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம், ஆனால் சிங்க் பக்கத்தில் நின்று, இடுக்கியால் பிடித்து.

கடைசியாக டிஃப்டிக், அதாவது மொஹேர். அங்காரா ஆட்டின் முடி. அந்த ஆட்டுக்குப் பூர்வீகம் இந்த நாட்டுப் பீடபூமிதான். மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் வளரும், ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரிப்பார்கள். நெடுங்காலம் துருக்கி இதை வெளியே விடாமல் கட்டிக் காத்தது. 1838-இல் சில ஆடுகள் தென்னாப்பிரிக்கா போய்ச் சேர்ந்தன, இன்று உலக மொஹேரில் பெரும்பங்கு அங்கிருந்துதான். மாடிக் கடை ஒன்றில் புகைச் சாம்பல் நிறத்தில் மெல்லிய மொஹேர் கிடைத்தது. மற்ற நூல்களைவிடப் பல மடங்கு விலை. இரண்டே உருண்டை எடுத்தேன். ஒரு சால்வைக்கு அது காணும்.

அந்த மாடிக் கடையில்தான் இன்றைக்கு நடந்ததிலேயே பெரிய விஷயம். கடைக்காரரின் அம்மாவோ அத்தையோ தெரியவில்லை, முக்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். நூல் உருண்டையில் இருந்து நேரே ஊசிக்கு வரவில்லை. கழுத்தைச் சுற்றி வந்து முன்பக்கம் இறங்கியது. இடது கட்டைவிரல் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு கண்ணி விழுகிறது. கை அசைவதே தெரியவில்லை. அம்மா பள்ளியில் சிஸ்டர்களிடம் கற்றது வலக்கையால் நூலைச் சுற்றிச் சுற்றிப் போடும் முறை. நாற்பது கண்ணிக்கு நாற்பது முறை மணிக்கட்டு திரும்பும். இப்போதெல்லாம் அரை மணி நேரத்துக்கு மேல் பின்னினால் வலி.

அம்மா பக்கத்தில் போய் நின்றார். அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்து, இன்னொரு முக்காலியைக் காலால் தள்ளி, ஊசியை அம்மா கையில் கொடுத்து, நூலை அம்மா கழுத்தில் போட்டார். பர்ல், அதாவது பின்பக்கக் கண்ணி, இந்த முறையில் மிகச் சுலபம், ஏனென்றால் நூல் எப்போதும் முன்னாலேயே இருக்கிறது. அதனால் துணியின் பின்பக்கத்தைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, பர்லாகவே போட்டுக்கொண்டு போகிறார்கள். முதல் வரிசை அம்மாவுக்கு இறுகிவிட்டது. அந்தப் பெண்மணி தலையாட்டி, பிரித்து, மறுபடி. மூன்றாவது வரிசையில் கட்டைவிரல் பழகிவிட்டது. சின்ன வளைந்த கண்ணாடித் தம்ளரில் தேநீர் வந்தது. நாங்கள் கிளம்பும்போது மதியம் இரண்டு மணி. வீட்டுக்காரரும் மகளும் முற்றத்தில் மூட்டைகளோடு காத்திருந்தார்கள், ஒரு முணுமுணுப்பு இல்லை.

செவ்வாய்

டாப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை. காலையில் சுலைமானியே மசூதி போனோம். ஒட்டோமான் கட்டடக் கலைஞர் மிமார் சினான் கட்டி 1557-இல் முடித்தது. அயா சோஃபியாவைவிட இது எனக்கு நெருக்கமாக இருந்தது: அமைதியான முற்றம், மரங்கள், கீழே தங்கக் கொம்பு நீர்ப்பரப்பு. மசூதிக்கு எதிரே வரிசையாக வெள்ளைப் பயறு சமைக்கும் கடைகள். சோற்றோடு சாப்பிட வேண்டும். சைவக்காரர்கள் இறைச்சி சேர்க்காததா என்று கேட்டு வாங்குங்கள். அய்ரான் என்ற உப்பு மோர் அதற்குப் பொருத்தம்.

கிராண்ட் பஜாரை ஒரு முறை பார்க்கலாம். கூரை மூடிய அறுபதுக்கு மேற்பட்ட தெருக்கள், ஆயிரக்கணக்கில் கடைகள். கூரையின் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் சலிக்காது. நூல் வாங்க வருகிறவர்கள் இங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்; ஹான்தான் உங்கள் இடம்.

ஒன்றுக்காக மட்டும் நின்றோம்: ஓயா. தலைத்துணியின் ஓரத்தில் வைக்கும் பூப்பின்னல். தையல் ஊசியால் முடிச்சுப் போட்டுச் செய்வது ஒன்று, குரோஷா ஊசியால் செய்வது ஒன்று, மணி கோத்தது ஒன்று. ஊசி ஓயாவில் ஒவ்வொரு வளையமும் தனித்தனி முடிச்சு என்பதால் நடுவில் அறுந்தாலும் பிரிந்து ஓடாது. வாங்கும்போது பூதக்கண்ணாடி வேண்டியதில்லை, நகத்தால் தடவினாலே முடிச்சு தட்டுப்படும். துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் கிராமங்களில் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஓயாவில் சொன்னார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மிளகாய் வடிவம் வைத்த துணியைக் கட்டிக்கொண்டால் கணவன்மேல் கோபம் என்று அர்த்தம். அம்மா மிளகாயைத் தள்ளிவைத்துவிட்டு, சின்ன ஊதாப் பூ வைத்ததை எடுத்தார். கையால் செய்த துணிக்கு விலை அதிகமாகத்தான் இருந்தது. அந்த விலைக்கு நான் பேரம் பேசவில்லை. ஒரு மீட்டர் ஓரத்துக்கு எத்தனை முடிச்சு என்று தெரிந்தவர்கள் பேசவும் கூடாது.

புதன்

எமினோனுவிலிருந்து காடிகோய்க்குப் படகு. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு இருபது நிமிடம் சொச்சம். டிராமுக்கு வைத்திருந்த அட்டையையே தட்டி ஏறலாம். இந்த ஊரில் காசு கொடுத்துச் செய்யும் வேலைகளில் இதுதான் மிகச் சிறந்தது. மேல்தளத்தில் காற்று, சிமித் துண்டுக்காகக் கூடவே பறந்து வரும் கடற்பறவைகள், பின்னால் விலகிப் போகும் மினார்கள். கரை நெருங்கும்போது பழைய ஹைதர்பாஷா ரயில் நிலையம் தண்ணீர் விளிம்பில் நிற்கிறது.

மகளுக்கு ஹானில் பஃபி நூல் வாங்கியிருந்தோம். நூலிலேயே பெரிய பெரிய வளையங்கள் இருக்கும். ஊசியே வேண்டாம், வளையத்துக்குள் வளையத்தை விரலால் இழுத்தால் போதும். போகும்போதே படகில் தொடங்கிவிட்டாள். எதிரே இருந்த அம்மாள் ஒருவர் எழுந்து வந்து, ஓரத்து வளையம் ஒன்று தப்பியிருப்பதைக் காட்டி, பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

காடிகோய்ச் சந்தைக்குப் பின்தெருவில் ஒரு சின்ன நூல் கடை. ஹானில் கிடைக்காத நிதானம் இங்கே கிடைத்தது, ஒற்றை உருண்டையும் தருகிறார்கள். சாக்ஸ் பின்னும் ஐந்து ஊசிக் கட்டு வாங்கினேன். அனடோலியா சாக்ஸ் கால்விரலில் தொடங்கி மேலே ஏறும். நான் இதுவரை போட்டதெல்லாம் மேலிருந்து இறங்கும் சாக்ஸ். விரலில் தொடங்கினால் ஒரு லாபம்: காலில் போட்டுப் பார்த்துக்கொண்டே பின்னலாம், நூல் எங்கே தீருகிறதோ அங்கே நிறுத்தலாம். மாலை மோதா கடற்கரைப் புல்லில் உட்கார்ந்து விரல்பக்கத்தைத் தொடங்கினேன்.

வியாழன்

டாப்காப்பி. நகை மண்டபத்தில் நீண்ட வரிசை, வைரத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். சுல்தான்களின் கஃப்தான்கள் என்ற நீள அங்கிகள் வைத்த அறையில் நிதானமாக நின்றோம். பூர்சா நகரத்துப் பட்டு, வெல்வெட், பொன்னிழை. மூன்று உருண்டைகளும் இரண்டு அலைக்கோடுகளும் சேர்ந்த ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது, சிந்தாமணி வடிவம் என்கிறார்கள். இரண்டு நிறத்தில் பின்ன அருமையாக வரும். அம்மாவின் நோட்டில் அதற்கும் ஒரு பக்கம்.

மதியத்துக்கு மேல் பெட்டி அடுக்கினோம். காற்றை உறிஞ்சும் பைகளில் போட்டதும் நூல் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. மொஹேரை மட்டும் அழுத்தவில்லை, கைப்பையில் தனியாக வருகிறது. ஊசிகள் எல்லாம் சரக்குப் பெட்டியில்.

அம்மா ஜன்னலோரம் கழுத்தில் நூலோடு உட்கார்ந்திருக்கிறார். மணிக்கட்டு வலிக்கிறதா என்று கேட்டேன். “இல்ல கண்ணு, ஒரு மணி நேரமா போட்டுட்டுத்தான் இருக்கறேன்” என்றார். ஊட்டிச் சித்தியின் ஸ்வெட்டரை இந்த முறையிலேயே போடப் போகிறாராம், அக்டோபர் குளிருக்குள் முடித்துவிட வேண்டும். கீழ்க்கரைக்கு என்ன வடிவம் என்பதில்தான் இன்னும் தகராறு. அம்மாவுக்குச் சிந்தாமணி வேண்டும், எனக்கு அந்த கோனியாக் கம்பளத்தின் கொக்கி. சித்திக்குப் போன் போட்டோம். இரண்டையும் படம் எடுத்து அனுப்பு, நானே சொல்கிறேன் என்றுவிட்டார்.